கேரவன் பிரேக்: எந்தக் கன்ட்ரோலர்?

ஆஸ்திரேலியாவில், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவன் போன்ற இழுவண்டியின் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் இருக்க வேண்டும். மின்சார பிரேக் என்றால் அதற்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் ஒரு கன்ட்ரோலரும் காருக்குள் தேவை. அதில் இரண்டு வகை.

நேரத் தாமத வகை விலை குறைவு. எந்தக் கோணத்திலும் திருகிவிடலாம். பிரேக் விளக்கு எரிந்ததும் மின்சாரம் படிப்படியாக ஏறி, நாம் வைத்த அளவில் நிற்கும். மெல்ல மிதித்தோமா, ஓங்கி மிதித்தோமா என்பது அதற்குத் தெரியாது. சிக்னலை நோக்கி ஊர்ந்துபோகும்போது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். மாடு குறுக்கே வந்து பதறி மிதித்தாலும் அதே நிதானம்தான்.

விகித வகையோ, காரின் வேகம் குறைவதை உணரியால் அளந்து அதற்கேற்ற மின்சாரத்தை அனுப்பும். பல மாடல்களைப் பயணத் திசைக்கு நேராகப் பொருத்த வேண்டும் என்பதுதான் தொல்லை. மாதம் ஒருமுறை குப்பை ஏற்றிச் செல்பவருக்கு முதல் வகை போதும். கேரவனோடு மலைப்பாதை இறங்குபவர் செலவைப் பார்க்காமல் இரண்டாவது வகையை வாங்கட்டும்.

எதை வாங்கினாலும் அளவு வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆளில்லாத, காய்ந்த, சமமான சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் இயக்குங்கள். இழுவண்டியின் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் வரை அளவை ஏற்றி, பிறகு சற்றே இறக்குங்கள். காலி வண்டிக்கு வைத்த அளவு, தண்ணீர்த் தொட்டி நிரம்பியபின் செல்லாது; மறுபடி சரிபாருங்கள்.