உப்பு செல்லா, ஹைப்போ கேனா, மாத்திரையா? காரைக்குடி பக்கம் வீட்டு நீச்சல் பூல் வச்சிருக்கவங்களுக்கு

எங்க வீட்லயும் பங்காளி வீட்லயும் ஒரே வருஷம்தான் பூல் கட்டினோம், ரெண்டும் சுமாரா 50 ஆயிரம் லிட்டர். தண்ணிய சுத்தமா வச்சுக்க அவங்க குளோரின் மாத்திரை, நாங்க உப்பு செல் (உப்புல கரண்ட் விட்டு குளோரின் எடுக்கற கருவி). கானாடுகாத்தான்ல இருந்து வந்த அயித்தை முதல்ல கேட்டதே "உங்களுது குளோரின் இல்லாத பூலாமே"ன்னுதான். அதெல்லாம் இல்லங்க. உப்பு பூலும் குளோரின் பூல்தான், குளோரின கடையில வாங்காம மோட்டார் ரூம்லயே தயாரிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணியில 3,200 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்) அளவுக்கு உப்பு கரைச்சு வச்சா (கடல்ல 35 ஆயிரம், அதனால வாயில கரிக்கிறதே தெரியாது) செல்லுக்குள்ள இருக்கற டைட்டானியம் பிளேட்ல கரண்ட் பாய்ஞ்சு உப்பு குளோரினா மாறும், கிருமிய கொன்னு முடிச்சதும் திரும்ப உப்பாவே ஆயிடும். இந்த மின்வேதியியலுக்குன்னே 1953-ல திறந்த சிக்ரி ஆராய்ச்சி நிலையம் நம்ம காரைக்குடியிலதான் இருக்கு, அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வந்தது, அப்படி ஊர்ல இருந்துக்கிட்டு உப்பு பூல்னா குளோரின் இல்லன்னு நம்பினா எப்படி.

முதல்ல மாத்திரைய பாத்துடுவோம், ஏன்னா ஜாஸ்தி பேர் அதுலதான் மாட்டிக்கிறாங்க. டிசிசிஏ 90-ங்கற (ட்ரைகுளோர்) குளோரின் மாத்திரை வசதிதான், மிதவை டப்பாவுல ரெண்டு போட்டுட்டு மதுரைக்கு போயிட்டு வந்துடலாம். ஆனா ஒவ்வொரு 1 பிபிஎம் குளோரினுக்கும் கூடவே 0.6 பிபிஎம் சயனூரிக் ஆசிட், அதாவது ஸ்டெபிலைசர், தண்ணியில இறங்குது. ஸ்டெபிலைசர் கொஞ்சம் வேணும்தான், அது இல்லன்னா நம்ம ஊர் சித்திரை வெயில்ல காலையில போட்ட குளோரின் மத்தியானத்துக்குள்ள காணாம போயிடும். ஆனா ஒரு நாளைக்கு 3 பிபிஎம் செலவாகுதுன்னா ஒரு மாசத்துல 54 ஏறிடும், தானா இறங்கவே இறங்காது, தண்ணிய மாத்துனாத்தான் இறங்கும். பங்காளி வீட்டு அண்ணன் ஒரு நாள் "தம்பி, குளோரின் 3 காட்டுது, தண்ணி மட்டும் பச்சையாவே இருக்குடா"ன்னு கூப்பிட்டாரு, போய் டெஸ்ட் பண்ணா ஸ்டெபிலைசர் 180. அந்த அளவுல 3 பிபிஎம் குளோரின் இருந்தும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். முக்கால்வாசி தண்ணிய இறைச்சு கொட்ட வேண்டியதாப் போச்சு. ஊருணியில ஒரு குடம் மோந்து கொண்டாந்து குடும்பம் நடத்துன அப்பத்தா பாத்திருந்தா எங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க.

பிளீச்சிங் பவுடர் பத்தி ரெண்டே வரி. அதுல சுண்ணாம்பு இருக்கு, நம்ம போர் தண்ணியில ஏற்கனவே சுண்ணாம்பு இருக்கு, வேணாம். இன்னொண்ணு, பவுடரையும் மாத்திரையையும் ஒரே டப்பாவுல போட்டாலோ ஒரே கரண்டிய ரெண்டுக்கும் வச்சாலோ தீப்பிடிக்கும், வெடிக்கக்கூட செய்யும், வீட்ல வேலைக்கு இருக்கறவங்களுக்கு இத மட்டும் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லி வைங்க.

ஆக நிஜமான போட்டி உப்பு செல்லுக்கும் ஹைப்போவுக்கும்தான். ஹைப்போன்னா சோடியம் ஹைப்போகுளோரைட், கேன்ல வர்ற திரவ குளோரின். 10 சதவீத ஹைப்போ 1 லிட்டர் ஊத்தினா 50 ஆயிரம் லிட்டர் பூல்ல 2 பிபிஎம் ஏறும், கணக்கு சுலபம், ஸ்டெபிலைசரும் ஏத்தாது சுண்ணாம்பும் ஏத்தாது. தொல்லை என்னன்னா தினமும் ஊத்தணும், வெயில்ல சீக்கிரம் வீரியம் போயிடும். தகர ஷெட்ல வச்சு ஒரு மாசம் கழிச்சு ஊத்திப் பாத்தேன், பாதி வேலைகூட செய்யல. அதனால ரெண்டு வாரத்துக்கு மேல ஸ்டாக் வைக்கிறதில்ல, ஆசிட் கேன் இருக்கற ரூம்லயும் வைக்கிறதில்ல, ரெண்டும் கலந்தா விஷவாயுதான். உப்பு பூலுக்கு பயந்து ஹைப்போ பக்கம் போறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம், ஒவ்வொரு 1 பிபிஎம் ஹைப்போவும் செலவாகி முடியும்போது 1.6 பிபிஎம் சொச்சம் உப்ப விட்டுட்டுத்தான் போகும், தண்ணி மாத்தாம தினம் 3 பிபிஎம் போட்டா வருஷத்துல 1,800 கிட்ட சேர்ந்துடும். உப்பு பூலே வேணாம்னவங்க வீட்லயும் பாதி உப்பு பூல் ரெடி.

இனி செல். நம்மளுது மணிக்கு 20 கிராம் குளோரின் தர்றது, தினம் 3 பிபிஎம்னா 150 கிராம், ஏழரை மணி நேரம் பம்ப் ஓடணும். நிதானமா சொட்டு சொட்டா போடறதால அளவு ஏறி இறங்காம நிக்குது, கண்ணு எரியறதில்ல, பசங்க தலைமுடி வைக்கோல் மாதிரி ஆகறதில்ல. ஸ்டெபிலைசர் 70-ல வச்சுக்கிட்டு குளோரின 4-ல பிடிக்கிறேன் (ஸ்டெபிலைசர்ல 5 சதவீதமாவது குளோரின் இருக்கணும்ங்கறது கணக்கு). ஆனா "சும்மா விட்டுடலாம் சார், அதுவே பாத்துக்கும்"னு விக்க வந்தவர் சொன்னாரு பாருங்க, அது சுத்தப் பொய். செல்லுல குமிழி வந்துக்கிட்டே இருக்கறதால பிஎச் (தண்ணியோட அமில-காரத் தன்மைய காட்டற அளவு) மேல மேல ஏறும், வாரா வாரம் ஆசிட் விட்டு 7.6 பக்கம் இறக்கணும், விடலன்னா வெந்நீர் அண்டாவுக்குள்ள படியுமே அந்த வெள்ளை, அதே சுண்ணாம்பு பிளேட் மேல அப்பிக்கும். நாலு பங்கு தண்ணியில ஒரு பங்கு ஆசிட்ட ஊத்தி (தண்ணியில ஆசிட், மாத்தி ஊத்திடாதீங்க) அதுல ஊற வச்சு கழுவறேன், ஆனா அடிக்கடி கழுவினா பிளேட் மேல இருக்கற பூச்சே போயிடும், அப்புறம் செல்லு குப்பைதான். இதுக்கு நாங்க கண்டுபிடிச்ச வழி பழைய வழிதான், ஐப்பசி கார்த்திகையில முற்றத்துல விழுற மழைத்தண்ணிய வடிகட்டி போர் தண்ணியோட கலந்து விடறோம், சுண்ணாம்பு பாதியா குறைஞ்சுடுது. மழையில பூல் வழிஞ்சா உப்பும் கூடவே போயிடும், அப்ப டெஸ்ட் பண்ணிட்டு போடணும். கல்லுப்பு மூட்டை சல்லிசா கிடைக்குதேன்னு போடாதீங்க, அதுல கால்சியம் மெக்னீசியம் அழுக்கு எல்லாம் வரும், சுத்திகரிச்ச உப்பு போடுங்க.

செல்லு தோத்துப் போற இடம் ஒண்ணு இருக்கு. பெரியப்பச்சி அறுபதாம் சாந்திக்கு பினாங்குல இருந்தெல்லாம் ஆளு வந்து ஒரே நாள்ல நாப்பது பசங்க குதிச்சாங்க, சாயந்தரம் குளோரின் 0.5. செல்லு ஒரு மணி நேரம் ஓடினா 0.4 பிபிஎம்தான் ஏறும், விடிய விடிய ஓட்டணும், அன்னைக்குன்னு பாத்து கரண்டும் போச்சு. ஹைப்போ ரெண்டு லிட்டர் ஊத்தினேன், பம்ப ஜெனரேட்டர்ல அரை மணி நேரம் ஓட்டினேன், 4-க்கு மேல வந்துடுச்சு. அதுலேர்ந்து செல்லு இருந்தாலும் ஒரு கேன் எப்பவும் கையில இருக்கும்.

டெஸ்ட் கிட் விஷயத்துல நானே ஒரு தடவை ஏமாந்திருக்கேன். குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா குளோரின் அளவு பாக்கற டிபிடி கிட்ல வர்ற ரோஸ் கலரே வெளுத்துப் போயிடும், நான் அத பூஜ்யம்னு நினைச்சு மேல ஊத்தி, பசங்க நீச்சல் டிரஸ் எல்லாம் வெளுத்து வந்தப்பதான் புரிஞ்சுது. சந்தேகமா இருந்தா பூல் தண்ணிய ஒண்ணுக்கு ஒண்ணு நல்ல தண்ணியோட கலந்து டெஸ்ட் பண்ணி ரெண்டால பெருக்கிக்குங்க.

அப்புறம் ஆத்தங்குடி கல்லு. பூல சுத்தி அதைப் பதிக்கணும்னு ஆசைப்படறவங்க உப்பு பூல மறந்துடுங்க, இல்ல ஆசைய மறந்துடுங்க. அது சிமெண்ட் கல்லு, உப்புத்தண்ணி தெறிச்சு உள்ள இறங்கி காஞ்சா பூத்துப் போய் மேல்பக்கம் உதிரும், ஆசிட் பட்டா கலரே போச்சு. நாங்க ஓரம் முழுக்க கிரானைட் போட்டுட்டு ஆத்தங்குடிய பத்தடி தள்ளி திண்ணையோட நிறுத்திட்டோம். ஃபில்டர கழுவி வெளிய விடற பேக்வாஷ் தண்ணிய தென்னை தாங்கும், மல்லி தாங்காது, ஊருணி பக்கம் மட்டும் விட்டுடாதீங்க.

காசு கணக்குக்கு விலைய சொல்ல மாட்டேன், கடைக்கு கடை மாறும். இப்படி போட்டுப் பாருங்க: செல்லு 10 ஆயிரம் மணி நேரம் உழைச்சா 200 கிலோ குளோரின், அதாவது 10 சதவீத ஹைப்போ 2,000 லிட்டர். புது செல்லு விலையையும் 2,000 லிட்டர் ஹைப்போ விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஆனா நம்ம தண்ணிக்கு 10 ஆயிரத்த முழுசா நம்பாம 7 ஆயிரம்னு வச்சுக்குங்க. வருஷம் பூரா வீட்ல ஆள் இருந்து பசங்க தினம் குளிக்கிற வீடுன்னா நான் செல்லுதான் சொல்லுவேன். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுன்னா ஹைப்போ, அதுவும் தினம் ஊத்த நம்பிக்கையான ஆள் இருந்தா. பங்காளி அண்ணன் இப்ப ஹைப்போவுக்கு மாறிட்டாரு, மாத்திரை டப்பாவ மட்டும் தூக்கிப் போட மனசில்லாம வச்சிருக்காரு, ஊருக்கு போற வாரத்துக்கு ஆகும்னு.