தீவில் ஒரு சைவ மாதச் சாப்பாடு: ருசிக்குக் குறையில்லை, சோறுதான் அதிகம்

ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில், வீட்டோடு நடக்கிற ஒரு சைவ மெஸ்ஸில் மாதச் சாப்பாடு எடுக்கிறேன். போர்டு எதுவும் கிடையாது. ஒரு அக்கா, அவர் கணவர், உதவிக்கு ஒரு பெண், அவ்வளவுதான். மதியம் கேரியரில் எடுப்புச் சாப்பாடு, நாலு மணிக்கு வடை பஜ்ஜி, இரவு இட்லி அல்லது சப்பாத்தி. குடும்பத்தை வெளியூரில் விட்டுவிட்டுத் தீவில் வேலை பார்க்கிற பேங்க்காரர்கள், டீச்சர்கள் எல்லாம் இங்கேதான் எடுக்கிறார்கள். ருசியைப் பற்றி மட்டும் கேட்டால் யோசிக்காமல் சேரச் சொல்லிவிடுவேன். ஆனால் மீன் தின்று வளர்ந்து புதிதாகச் சைவத்துக்கு வந்தவராக இருந்தால், சேருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இந்தச் சாப்பாட்டில் ஏழு கிலோ ஏறியது.

நான் பாம்பன்காரன். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பிள்ளைகள் படிப்புக்காக வீட்டில் எல்லோரும் ராமநாதபுரத்தில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மீன் இல்லாத சோறு என்று ஒன்று கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம் என்றாலும் நாட்டுப்படகு மீன் வரும், அதுவும் இல்லையென்றால் கருவாடு இருக்கும். அப்படி இருந்தவன் வடலூர் போய்வந்த பிறகு அசைவத்தை விட்டேன். 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அதற்கு மேல் ஒரு உயிரைக் கொன்று தின்ன மனசு வரவில்லை. உடம்பு இளைப்பதற்காக நான் மாறவில்லை. ஆனால் மீனையும் கறியையும் விட்டால் உடம்பு தானாக இறங்கும் என்று சுற்றியிருந்த எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் கம்பெனியில் நண்டுப் பெட்டி நிறுக்கிற தராசு ஒன்று இருக்கிறது. சைவத்துக்கு வந்த புதிதில் அதில் ஏறி நின்றபோது 72 கிலோ. சட்டைப் பித்தான் இழுக்க ஆரம்பித்ததும் மறுபடி ஏறிப் பார்த்தேன், 79. தராசில்தான் கோளாறு என்று உடனிருந்தவர்கள் ஆளாளுக்கு ஏறிப் பார்த்தார்கள். தராசு சரியாகத்தான் இருந்தது.

சரி, தைராய்டாக இருக்குமோ என்று ராமநாதபுரத்தில் டாக்டரிடம் போனேன். காரணம் தெரியாமல் எடை ஏறினால் முதலில் அதைப் பார்ப்பதுதான் முறை. நீங்களும் பார்த்துவிடுங்கள். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது, சர்க்கரையும் இல்லை. டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "மீனை எடுத்துட்டீங்க, அந்த இடத்துல என்ன வச்சீங்க?"

அந்தக் கேள்வியோடுதான் கேரியரைத் திறந்து பார்த்தேன். நாலு அடுக்கு. அடியில் சோறு. அதற்கு மேல் சாம்பார். மூன்றாவதில் ஒரு பக்கம் பொரியல், ஒரு பக்கம் கூட்டு. மேலடுக்கில் ரசம். அப்பளம் இரண்டு தனியாகத் தாளில் சுற்றி வரும், மோர் ஒரு சின்ன பாட்டிலில். சோற்றை மட்டும் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. வெந்த சோறு நூறு கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக, சோறு மட்டுமே ஒரு வேளைக்கு 650 கலோரிக்கு மேல். சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டால் மேலே தெளிந்துவிடும், அடியில் நிற்கிற பருப்பு விரற்கடை அளவுகூட இருக்காது. ஒரு ஆளுக்கு அதிகம் போனால் பதினைந்து கிராம் துவரம்பருப்பு போட்டிருப்பார்கள். நூறு கிராம் பருப்பில் 22 கிராம் புரதம் என்று வைத்தால், எனக்குக் கிடைத்தது மூன்று கிராம் சொச்சம். முன்பு நான் சாப்பிட்ட சூடை மீனோ சாளையோ நூறு கிராமுக்கு இருபது கிராம் புரதம் தரும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. என் 72 கிலோவுக்கு அறுபது கிராம். மீன் இருந்தவரை அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருந்ததில்லை. புரதம் குறைந்தால் சீக்கிரம் பசிக்கும். எனக்கு நாலு மணிக்கு வயிறு கூப்பிட்டதற்குக் காரணம் அதுதான். நாலு மணிக்கு மெஸ்ஸில் என்ன கிடைக்கும்? பருப்பு வடை, வாழைக்காய் பஜ்ஜி. இரண்டும் எண்ணெயில் ஊறியவை. எண்ணெய் கிராமுக்கு ஒன்பது கலோரி.

இதையெல்லாம் அக்கா மேல் குறையாகச் சொல்லவில்லை. தீவில் சைவம் சமைப்பதன் கஷ்டம் சமைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். காய் எல்லாம் பாலம் தாண்டித்தான் வர வேண்டும். வெயிலில் வருகிற கீரையும் அவரையும் மதியத்துக்குள் வாடிவிடும். அதனால் வாடாத காயாகப் பார்த்து வாங்குவார்கள்: உருளைக்கிழங்கு, வாழைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு. பேர்தான் காய், உள்ளே இருப்பது மாவு. தேங்காய்க்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை. உச்சிப்புளி பக்கம் முழுக்கத் தென்னந்தோப்பு. அதனால் கூட்டிலும் குருமாவிலும் சட்னியிலும் தேங்காய் தாராளமாக இருக்கும். நூறு கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி. நாக்குக்கு அது தெரியாது.

அடுத்து, இந்த மெஸ்ஸின் வத்தக்குழம்பு. செவ்வாயும் வெள்ளியும் வரும். சுண்டைவத்தலும் மணத்தக்காளியும் கலந்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தை முழுசாக வதக்கி, நம்மூர் முண்டு மிளகாயை வறுத்து அரைத்துப் போடுகிறார் அக்கா. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான். நீள மிளகாயைப் போல் எரிக்காது. நிறமும் மணமும் கொடுத்துவிட்டுக் காரத்தை அளவோடு நிறுத்திக்கொள்ளும். அடுக்கைத் திறந்ததும் ஓரத்தில் எண்ணெய் வளையமாகப் பிரிந்து நிற்கும், நடுவில் குழம்பு கறுத்துக் கெட்டியாக இருக்கும். புளி, மல்லி, மிளகாய் மூன்றும் எங்கள் அம்மா மீன் குழம்புக்குப் போடுகிற அதே கணக்கு. முதல் தடவை சாப்பிட்டபோது கண் கலங்கிவிட்டது. மீனை விட்டால் இந்த ருசியும் போய்விடும் என்று பயந்திருந்தவன் நான்.

ஆனால் அதிக சோறு உள்ளே போனதும் இந்தக் குழம்பில்தான். மீன் குழம்பு என்றால் முள் பார்க்க வேண்டும். சூடையில் முள் மயிரிழை மாதிரி இருக்கும். விரலால் தடவித் தடவி எடுத்து, ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தித்தான் சாப்பிட முடியும். தட்டு காலியாவதற்குள் வயிறு போதும் என்று சொல்லிவிடும். வத்தக்குழம்பில் அந்தத் தடை இல்லை. பிசைய வேண்டியது, விழுங்க வேண்டியது. அதே ருசி, பாதி நேரம், இரண்டு மடங்கு சோறு. எடை ஏறியதற்கு நான் யோசித்துக் கண்டுபிடித்த காரணங்களில் இதைத்தான் பெரியதாக நினைக்கிறேன். டாக்டரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்: மெதுவாகச் சாப்பிட்டால் குறைவாகத்தான் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சைவம் என்று தெரிந்துவிட்டால் நம் சனங்கள் பாசத்தில் இனிப்பாகக் கொடுத்தே நிரப்பிவிடுவார்கள். கீழக்கரையில் எனக்கு ஒரு சிநேகிதர். முன்பெல்லாம் அவர் வீட்டுக்குப் போனால் பிரியாணி. இப்போது எனக்கென்று தொதல் எடுத்து வைக்கிறார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம். ஒரு துண்டோடு யாரும் நிறுத்த மாட்டார்கள், கொடுக்கிறவர்களும் விடமாட்டார்கள்.

கடைசியில் அக்காவிடமே பேசினேன். சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் பயறு ஏதாவது வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவருக்கு முதலில் மனசு வரவில்லை.

"சோத்தக் கொறச்சு அனுப்புனா எனக்கே ஒரு மாதிரி இருக்கும் தம்பி. காசு வாங்குறோம்ல."

"காசக் குறைக்க வேண்டாங்க்கா. சோத்துக்குப் பதிலா சுண்டல் வைங்க."

"சுண்டலுக்குக் கடலை வாங்கணும், ஊறப்போடணும். நீங்க ஒருத்தருக்குன்னா எப்படி அப்பு?"

நியாயமான கேள்வி. எங்கள் கம்பெனியிலும் பக்கத்து ஆபீஸிலும் கேட்டுப் பார்த்தேன். சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு பேர், முட்டிவலிக்காரர் ஒருவர், என்னைப் போல் தொப்பை போட்ட டீச்சர் ஒருவர், எல்லோரும் சரி என்றார்கள். ஆள் சேர்ந்ததும் அக்காவும் சம்மதித்துவிட்டார். வழக்கமான சாப்பாடு 90 ரூபாய், இந்தப் பயறுச் சாப்பாடு 100. பத்து ரூபாய் கூட என்றாலும் கொடுக்கலாம்.

இப்போது அடியடுக்கில் பாதிச் சோறு. மூன்றாவது அடுக்கு முழுக்கப் பயறு. கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டப்பயறுக் குழம்பு, மொச்சை, பச்சைப்பயறு என்று மாறி மாறி வரும். முருங்கைக்கீரைக்கு மட்டும் தீவில் குறையில்லை, வீட்டு வீட்டுக்கு மரம் நிற்கிறது. அதைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைக்கச் சொன்னேன், பிரமாதமாக வருகிறது. பருப்பு உருண்டைக் குழம்பைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். உருண்டையை எண்ணெயில் பொரிக்காமல் ஆவியில் வேக வைத்துப் போடுகிறார். உள்ளே வரை குழம்பு ஊறி, பிட்டால் உதிராமல் நிற்கிறது. கடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்பதால் கையும் தானாக மெதுவாகிவிடுகிறது. மோரைக் கட்டித் தயிராக மாற்றிக் கேட்டேன். சைவக்காரர்களுக்குப் பி12 கிடைக்கிற வழி பால், தயிர்தான், செடி கொடியில் அது கிடையாது. கல்லுப்பு வாங்குகிறவர்கள் அயோடின் கலந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடல்மீன் இருந்தவரை அது தானாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

வடை பஜ்ஜிக்குப் பதில் நாலு மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை. தையில் பனங்கிழங்கு வந்தால் அது. தராசு இப்போது 76 காட்டுகிறது. 72-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் நாலு மணிப் பசி போய்விட்டது, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேசுவரத்தில் கூட்டம் குவியும்போது அக்கா யாத்திரைக்காரர்களுக்கும் சமைக்கிறார். அன்றைக்குக் கேரியர் வர இரண்டரை மணி ஆகிவிடும், பயறு அடுக்கும் இருக்காது. கேரியர் கொண்டுபோகாதவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவே இல்லை. சொல்லியிருக்கிறேன், இன்னும் மாறவில்லை. இரவுச் சப்பாத்திக்கு உருளைக்கிழங்குக் குருமாதான். மாவுக்கு மாவு தொட்டுக்கொள்வது சரியில்லை. பருப்புக் கடைசலாவது வையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாம்பாரும் இன்னும் தண்ணியாகத்தான் வருகிறது.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ருசிக்கு மட்டும் என்றால் ஐந்து. மீன் சாப்பிடுகிற வீட்டிலிருந்து வந்து சைவத்தில் நிற்க நினைக்கிற ஆளுக்கு இந்த வத்தக்குழம்பு பெரிய துணை. வழக்கமான சாப்பாட்டை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள், பயறுச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பயறு முந்தின ராத்திரியே ஊற வேண்டும், அதனால் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். மாதப் பணத்தில் பாதி முன்பணம். ஞாயிற்றுக்கிழமை லீவு. கேரியர் நாம்தான் கொண்டுபோக வேண்டும், பெயரை ஆணியால் கீறி வைத்துவிடுங்கள், எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் என்பதால் மாறிவிடுகிறது.