1,500 ரூபாய்க்கு ஓர் எஞ்சின் கோளாறு

சென்னையில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் இருக்கும் ஃபைட்டர் ஜெட் சிமுலேட்டர் (தரையில் உட்கார்ந்தே போர்விமானம் ஓட்டிப் பார்க்கும் கருவி) கடை இது. அரை மணி நேரத்துக்கு 1,500 ரூபாய். குறை சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்டிக் (விமானத்தைத் திருப்பும் கோல்), த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இரண்டும் கனமாக, விளையாட்டுச் சாமான் மாதிரி இல்லாமல் இருக்கின்றன, சொல்லிக்கொடுக்கும் தம்பிக்குப் பொறுமை அதிகம். ஏசி மட்டும் பேருக்கு ஓடுகிறது.

சும்மா ஏறி இறங்குவதை விட்டுவிட்டு "எஞ்சின் கோளாறு" பயிற்சியைக் கேட்டு வாங்கினேன். 2025 மார்ச் 7 அன்று ஹரியானாவின் அம்பாலாவில் இருந்து வழக்கமான பயிற்சிக்குக் கிளம்பிய நம் விமானப்படையின் ஜாகுவார் போர்விமானம் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் விழுந்தது, குடியிருப்புப் பக்கம் போகாமல் அதைத் திருப்பிவிட்ட பிறகுதான் விமானி குதித்தார் என்று விமானப்படை சொன்னது. அந்தச் சில நொடிகளில் கை என்ன செய்யும் என்று அன்றிலிருந்தே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

என் கை என்ன செய்தது தெரியுமா? 6,000 அடியில் சத்தம் நின்றதும் மூக்கை மேலே தூக்கியது. வேகம் மடமடவென்று இறங்கி, விமானம் கல் மாதிரி விழுந்தது. "மூக்கைக் கீழ விடுங்க சார், வேகம் போனா எல்லாம் போச்சு" என்றார் தம்பி. இரண்டாவது முறை அப்படியே செய்தேன், எஞ்சினை மறுபடி கிளப்பப் பார்த்தேன், கிளம்பவில்லை, 2,000 அடியில், விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் கைப்பிடியை இழுத்தேன். கைதட்டல் சத்தம், திரையில் பச்சை எழுத்தில் வாழ்த்து.

சரி, விமானம் எங்கே விழுந்தது?

"அது கணக்குல வராது சார்" என்றார். கீழே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைத் தரை, ஒரு குடிசைகூட இல்லை. 2023 மே 8 அன்று ராஜஸ்தானின் ஹனுமான்கர் மாவட்டத்தில் பயிற்சிக்குப் போன மிக்-21 போர்விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்ததில் மூன்று பெண்கள் இறந்தார்கள், விமானி குதித்துத் தப்பினார். கீழே ஆள் இருக்கும்போது கைப்பிடியை எப்போது இழுப்பது என்பதுதானே கஷ்டமான கேள்வி, அதையே எடுத்துவிட்டால் அப்புறம் என்ன பயிற்சி?

இன்னொன்றும் சோதித்தேன். 100 அடியில் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு கைப்பிடியை இழுத்தேன், நிஜத்தில் என்றால் நேராகத் தரையில்தான் மோதியிருப்பேன். அப்போதும் கைதட்டல்! நிஜத்தில் கைப்பிடியை இழுத்தால் மட்டும் பிழைத்துவிட முடியாது: குஜராத்தின் ஜாம்நகரில் 2025 ஏப்ரல் 2 இரவு, இரண்டு விமானிகள் பறந்த ஜாகுவாரில் கோளாறு வந்து இருவருமே குதிக்க முயன்றும் ஒருவர் இறந்துவிட்டார்.

தம்பிக்கு 5 நட்சத்திரம், மென்பொருளுக்கு 2. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், சனிக்கிழமை என்றால் பிறந்தநாள் கும்பலில் மாட்டிக்கொள்வீர்கள்.