கலியாண வீடியோவை எந்த டிஸ்க்கில் வைப்பது?

பொன்னுருக்கில் தொடங்கி ரிசப்ஷன் வரை இரண்டு கமராவில் 4கே-யில் எடுத்தால், ஒரு கலியாணத்துக்கு 500 ஜிபி வந்துவிடும். மாப்பிள்ளை பொம்பிளை இரண்டு கிழமையில் கனடாவுக்கு ஏறிவிடுவார்கள். இரண்டு வருசம் கழித்து, "அண்ணை, அம்மம்மா ஆசீர்வாதம் பண்ணின அந்தத் துண்டு இருக்கோ?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வரும். அம்மம்மா அதற்குள் காலமாகியிருப்பார். அந்தத் துண்டு இல்லை என்று நான் ஒருமுறை சொல்ல வேண்டி வந்தது. அதன் பிறகுதான் டிஸ்க் வாங்கும்போது உற்பத்தியாளர் வெளியிடும் விவரத்தாளான டேட்டாஷீட்டையும் இறக்கி வாசிக்கப் பழகினேன்.

யாழ்ப்பாணக் கடைகளில் கேட்டால் நான்கு வகை எடுத்து வைப்பார்கள்: சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், சிசிடிவிக்கான டிஸ்க், நாஸ் (வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க், சொல்லிவைத்தால் கொழும்பிலிருந்து வரும் என்டர்பிரைஸ் (பெரிய நிறுவனங்களின் சேர்வர்களுக்கான) டிஸ்க். இவற்றோடு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி. "விலை கூடினது கனகாலம் உழைக்கும்" என்பார் கடைக்காரர். அது பாதி உண்மை.

முதலில் எம்டிபிஎஃப், அதாவது பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம். நாஸ் டிஸ்க்கில் 10 இலட்சம் மணித்தியாலம், என்டர்பிரைஸில் 25 இலட்சம் என்று போட்டிருக்கும். பல டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் அந்த எண்ணே இராது. 10 இலட்சம் மணித்தியாலம் என்றால் 114 வருசம். டிஸ்க் 114 வருசம் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. 1000 டிஸ்க்கை ஒரு வருசம் இடைவிடாமல் ஓட்டினால் 8, 9 போகும், 25 இலட்சம் என்றால் 3, 4 போகும் என்பதுதான் பொருள். என்னிடம் இருப்பது ஆறு டிஸ்க். ஆறுக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

அந்த எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. 2007 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் ஒரு இலட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். வருசத்துக்கு மாற்ற வேண்டி வந்தவை பொதுவாக 2 முதல் 4 சதவீதம், சில இடங்களில் 13 வரை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று: சேர்வர்களுக்கான விலை கூடிய ஸ்கஸி, ஃபைபர் சானல் டிஸ்க்குகளுக்கும் சாதாரண சாட்டா டிஸ்க்குகளுக்கும் இடையே மாற்று விகிதத்தில் அவர்கள் பெரிய வேறுபாடு காணவில்லை. இணையத்தில் தரவு சேமித்துக் கொடுக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டிஸ்க்குகளின் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. 2023 இல் அங்கே செத்தவை 1.40 சதவீதம்.

அடுத்த எண் பலர் கவனிக்காதது: வாசிக்க முடியாமல் போகும் பிழை. டெஸ்க்டாப் டிஸ்க்கில் ஒரு கோடி கோடி (1-க்குப் பின் 14 பூச்சியம்) பிட் வாசித்தால் ஒன்றுக்கு மேல் வராது என்பார்கள், என்டர்பிரைஸில் பத்துக் கோடி கோடிக்கு ஒன்று. நாஸ் என்று பெயர் போட்ட டிஸ்க்குகளிலும் சிலவற்றில் அதே ஒரு கோடி கோடிதான், ஆகவே பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கோடி கோடி பிட் என்பது 12.5 டெராபைட். நான்கு 8 டெராபைட் டிஸ்க்கை ரெய்டு 5 இல் (ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும்படி பல டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டும் முறை) போட்டு ஒன்று போனால், மீளக் கட்ட மற்ற மூன்றிலும் 24 டெராபைட் வாசிக்க வேண்டும். தாளின்படி பார்த்தால் ஏறக்குறைய இரண்டு பிழை வரவேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அந்த எண் உற்பத்தியாளர் போட்டுவைக்கும் மேல் எல்லை. பிழைகளும் சீராக ஒவ்வொன்றாக வராமல் கெட்ட ஒரு டிஸ்க்கில் கூட்டமாக வரும்.

நாஸ் டிஸ்க்கில் இன்னொரு விசயம். வாசிக்க முடியாத செக்டரில் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு பகுதி) அது கிட்டத்தட்ட 7 விநாடி முயன்றுவிட்டுக் கையை விரித்துவிடும். ரெய்டில் இது நல்லது, பக்கத்து டிஸ்க் தரவைக் கொடுக்கும். டெஸ்க்டாப் டிஸ்க் கனநேரம் திரும்பத் திரும்ப முயலும், அதற்குள் ரெய்டு கார்டு அதைச் செத்ததாக எண்ணி வெளியே தள்ளிவிடும். ஆனால் தனியாக ஒரே டிஸ்க்கில் வைப்பவருக்கு அந்தப் பிடிவாதம்தான் வேண்டும். சிசிடிவி டிஸ்க் படம் தடைப்படாமல் எழுதுவதற்கு ஏற்றபடி அமைந்தது. அது பழுதில்லை, ஆனால் அதற்குக் கூடக் காசு கொடுக்க எனக்குக் காரணம் இல்லை.

எஸ்எஸ்டியில் எடிட் பண்ணுகிறேன், அதற்கு நிகர் வேறில்லை. கூகிளின் தரவு நிலையங்களில் ஆறு வருசம் ஓடியவற்றைப் பற்றி 2016 இல் வந்த ஆய்வு, அவை ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவாகவே மாற்றப்பட்டன என்கிறது. ஆனால் நான்கு வருசத்துக்குள் 20 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் திருத்த முடியாத பிழை வந்திருக்கிறது. அலுமாரியில் கரண்ட் இல்லாமல் வருசக்கணக்கில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த எண்களில் எதிலும் இல்லாதது எங்கள் கரண்ட். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அப்போதுதான் என் துண்டு போனது: எழுதிக்கொண்டிருக்கும்போது வெட்டுப்பட்டால் அந்தச் செக்டர் அரைகுறையாக நின்றுவிடும், பிழைதிருத்தக் குறி பொருந்தாது, வாசிக்க வராது. டிஸ்க் உடலால் சுகமாகவே இருக்கும், மேலே திரும்ப எழுதினால் சரியாகிவிடும். இருந்த தரவுதான் திரும்பாது. என்டர்பிரைஸ் டிஸ்க்காக இருந்திருந்தாலும் அன்று இதுவே நடந்திருக்கலாம். முதலில் யூபிஎஸ், பிறகுதான் டிஸ்க் என்பேன்.

அப்புறம், டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 197 ஆம் எண்ணைப் பாருங்கள், வாசிக்க வராமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. பூச்சியமாக இருக்க வேண்டும். கூகிள் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் ஸ்கான் பிழை கண்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள்.

கடைசியில் நான் வாங்கியது நாஸ் வகையில் இரண்டு 8 டெராபைட், வேறு வேறு நிறுவனம். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு ஒரே கிழமையில் போன கதை எனக்குத் தெரியும். எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஓரளவு ஏற்றி எழுதும் வகை) இல்லை, சிஎம்ஆர் (தடங்களைத் தனித்தனியே எழுதும் வகை) என்பதையும் மாடல் எண்ணை வைத்துப் பார்த்தே எடுத்தேன். எஸ்எம்ஆர் டிஸ்க் பெரிய கோப்புகளைத் திரும்பத் திரும்ப எழுதும்போது படுத்துவிடும். இரண்டிலும் ஒரே தரவு. ஒன்று கொக்குவிலில் என்னோடு, மற்றது சாவகச்சேரியில் அக்கா வீட்டில். மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டு வருவேன், பழைய டவலில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து. மோட்டார் சைக்கிள் பெட்டியில் மட்டும் வைப்பதில்லை.