ஹெட்போனுக்கு மாற்று இயர் பேட்: மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது

குரல் பதிவுகளை எடிட் செய்யப் பல வருடங்களாக சோனி எம்டிஆர்-7506 தான் வைத்திருக்கிறேன். 1991-இல் வந்த மாடல், இன்றும் ஸ்டூடியோக்களில் கண்ணில் படும். நன்றாக உழைக்கிறது. அவ்வப்போது மாற்ற வேண்டியிருப்பது காதைச் சுற்றி அழுந்தும் மெத்தையான இயர் பேட் மட்டும்தான்.

எந்த கம்பெனி ஹெட்போனாக இருந்தாலும், செயற்கைத் தோல் பேட் என்றால் இதுதான் நிலை. மேலே இருப்பது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சென்னை மாதிரி கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். முதலில் மெல்லிய விரிசல் விழும், அப்புறம் கறுப்புத் துகள் கன்னத்தில் ஒட்ட ஆரம்பிக்கும். டப்பாவிலேயே இருந்தாலும் சிதையும் என்பதால் மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்காதீர்கள்.

மாற்று பேட் வாங்கும்போது பலரும் மெத்தென்று இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் பேடை மாற்றினால் ஒலியும் மாறும். டிரைவருக்கும் (உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) காதுக்கும் இடையே எவ்வளவு தூரம், உள்ளே எவ்வளவு காற்று அடைபடுகிறது, அது எவ்வளவு கசிகிறது என்பதெல்லாம் பேடைப் பொறுத்தது.

தடிமனான மெமரி ஃபோம் பேட் போட்டுப் பார்த்தேன். 7506-இன் ஒரிஜினல் பேட் ஒல்லி, காது உள்ளே துணியில் இடிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை, மணிக்கணக்கில் மாட்டியிருக்கலாம். ஆனால் குரல் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போய்விட்டது. 'ஸ', 'ச' ஒலிகள் எங்கே கூர்மையாக உறுத்துகின்றன என்று பிடிப்பதுதான் என் வேலையில் பாதி. அதற்கு இது சரிப்படவில்லை.

அடுத்தது வெலூர், அதாவது வெல்வெட் மாதிரியான துணி. பேயர்டைனமிக் டிடி 250-க்கான வெலூர் பேட் இதற்கும் பொருந்தும், நிறையப் பேர் போடுகிறார்கள். மே மாத வெயிலில் அருமை. தோல் உரியும் பேச்சே இல்லை. ஆனால் துணி வழியே காற்று கசிவதால் பாஸ், அதாவது அடித்தொனி, குறைகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் (அடித்தொனி தரும் இடப்பக்கம்) விழும் அடியைக் கேட்டால் உடனே தெரியும்: அடி கேட்கிறது, அதைத் தொடரும் கும்மென்ற கார்வை மெலிந்துவிடுகிறது. பதிவின்போது ஒலி வெளியே கசிந்து மைக்கிலும் ஏறும். பாட்டு மட்டும் கேட்பவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம்.

நான் கடைசியில் நிலைத்தது ஒரிஜினலின் அதே தடிமன், அதே உள் துளை அளவுள்ள செயற்கைத் தோல் பேடில்தான். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்கிறேன், முன்பைவிடக் கூடுதலாகவே தாங்குகிறது.

மாட்டுவது சுலபம். பேடின் பின்விளிம்பை ஒரு பக்கம் கப்பின் பள்ளத்தில் செருகி, சுற்றிலும் இழுத்துக்கொண்டே வாருங்கள். கடைசி இடத்தில் பழைய ஏடிஎம் கார்டின் முனை உதவும். டிரைவர் மேலிருக்கும் மெல்லிய ஃபோமைக் கிழித்துவிடாதீர்கள்.

மாட்டியதும் நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு கப்பையும் கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது பாஸ் சட்டென்று கூடினால் எங்கோ காற்று கசிகிறது. கண்ணாடி போடுபவர்களுக்குக் காம்பு ஓரத்தில் இப்படி இடைவெளி விழும். அவர்கள் இன்னும் மிருதுவான ஃபோமாகப் பார்த்து எடுப்பது நல்லது.