புறக்கோட்டை நானா கடை: காசில்லாத பொறுப்பாசிரியர்களுக்கு மட்டும்

கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள கடைகளில் கிரிக்கெட் மட்டைகள் வரிசையாக நிற்கும். பட்மிண்டன், மேசைப்பந்து என்று கேட்டால் மட்டும் ஒரு பையன் உள்ளே போய் நெடுநேரம் தேடிவிட்டு வருவான். நான் சொல்லப்போகும் கடை அப்படிப்பட்டதல்ல. பிரதான வீதியிலிருந்து ஒரு குறுக்குத்தெருவுக்குள் திரும்பி, துணிக்கடை ஒன்றின் பக்கத்துப் படியில் ஏறினால் முதலாம் மாடியில் ஓர் அறை. பெயர்ப்பலகை கிடையாது. பற்றுச்சீட்டில் ஒரு பெயர் அச்சடித்திருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் கீழே துணி விற்பவருக்கே விளங்காது. கடைக்காரரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவதால் எங்களைப் போன்ற பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லாரும் நானா கடை என்றுதான் சொல்வோம்.

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடை எல்லாருக்கும் சரிவராது. கொழும்பில் ஒரு சிறிய தமிழ்மொழிக் கல்லூரியில் வர்த்தகம் படிப்பிக்கிறேன். அதோடு பட்மிண்டனுக்கும் மேசைப்பந்துக்கும் பொறுப்பாசிரியர். இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. "நீங்க கம்பஸ்ல விளையாடினீங்கதானே மிஸ்" என்றார் அதிபர், அவ்வளவுதான். கையில் காசுள்ள பெற்றோர் தன் ஒரே மகளுக்கு நல்ல ரக்கெட் தேடுவதென்றால் தாராளமாக ஏசிக் கடைக்கே போகலாம். இருபது பிள்ளைகளை ஒரு தவணை முழுக்க விளையாட வைக்க வேண்டும், கையில் இருப்பதோ ஒரு சின்னக் காசோலை, அதுவும் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது என்ற நிலையில் இருப்பவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

எங்கள் கல்லூரியில் விளையாட்டுக்கென்று சேரும் பணத்தில் பெரும்பங்கு கிரிக்கெட்டுக்குப் போகிறது. இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. றோயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் மோதும், 1879இல் தொடங்கிய றோயல்–தோமியன் கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய ஊர் இது. மார்ச் மாதம் வந்தால் கொடியும் பப்பரே வாத்தியமுமாகப் பாதி நகரம் தெருவில் நிற்கும். சின்னக் கல்லூரிகளும் தங்கள் அளவுக்கு ஒரு பெரும் சமரை வைத்துக்கொண்டு, அதற்கு மலர் வெளியிட்டு, ரீஷேர்ட் அடித்து, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களிடம் காசு திரட்டும். கரப்பந்துதான் 1991 முதல் இந்த நாட்டின் தேசிய விளையாட்டு என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் பொது அறிவுக் கேள்வியாக மட்டும் உயிரோடு இருக்கிறது. வலைப்பந்தில் இலங்கை 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றது, இரண்டு அணியிலும் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் நின்று பந்தைக் கூடைக்குள் போட்டார். வென்ற வாரங்களில் காலைக் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினோம். வலைப்பந்து அணிக்குப் புதுப் பந்து மட்டும் வரவில்லை.

பணம் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கனடாவிலுள்ள பழைய மாணவர்கள் எங்களுக்கு மேசைப்பந்து மேசை ஒன்று வாங்கித் தந்தார்கள். நல்ல மேசை, பக்கத்தில் அவர்கள் தொகுதியின் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. நாடா வெட்டி, படம் எடுத்து, அதிபர் பேசி, எல்லாம் முறையாக நடந்தது. ஆனால் பந்து உடைகிறது. மட்டையின் இறப்பர் தேய்கிறது. ஷட்டில் ஒரு மாலைக்குள் கிழிகிறது. ரக்கெட் நரம்பு அறுகிறது. வலயப் போட்டிக்குப் போக வான் பிடிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு வேண்டும். இவை ஒன்றிலும் யாருடைய பெயரையும் எழுத முடியாது, அதனால் இவற்றுக்கு யாரும் காசு தருவதில்லை. சின்ன விளையாட்டுகள் எங்கள் பள்ளிக்கூடங்களில் தேய்ந்துபோவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். நானா கடை எனக்குப் பிடித்துப்போனதற்கும் இதுவே காரணம். முடிந்துபோகும் பொருட்களை எப்படி மலிவாக விற்பது என்று அந்த மனிதர் யோசித்து வைத்திருக்கிறார்.

முதலில் நரம்பு. மற்றக் கடைகளில் ஒரு ரக்கெட்டுக்கு நரம்பு போட ஒரு பைக்கற், அதற்குக் கூலி என்று தனித்தனியாகக் கணக்கு. நானா, "டீச்சர், நீங்க ரோல் எடுங்க" என்றார். 200 மீற்றர் ரோல் ஒன்று வாங்கினால், ரக்கெட்டுக்கு 10 மீற்றர் வீதம் இருபது ரக்கெட் போடலாம். ரோலில் எங்கள் கல்லூரிப் பெயரை ஒட்டித் தன் அலுமாரியில் வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் எவ்வளவு வெட்டினார் என்று ஒரு சிட்டைக்கொப்பியில் எழுதி என் கையெழுத்தையும் வாங்குகிறார். நாங்கள் கூலி மட்டும் கொடுத்தால் போதும். 0.70 மில்லிமீற்றர் தடிப்புள்ள நரம்புதான் எங்களுக்குத் தருகிறார். மெல்லியது நன்றாகத் தெறிக்கும், ஆனால் சீக்கிரம் அறும். பெரிய வீரர்களின் காணொளி பார்த்துவிட்டு நரம்பை 28 இறாத்தல் இழுவையில் இறுக்கிப் போடச் சொல்லும் பையன்களை அவர் கையாளும் விதம் பார்க்க வேண்டியது. "மகன், அந்த இழுவைக்கு இந்த ஃபிரேம் வெடிக்கும். வெடிச்சா டீச்சர்தான் அழுவா" என்று சொல்லிவிட்டு 22இல் போட்டுக் கொடுப்பார். மலிவு ரக்கெட்டுக்கு அதுதான் சரி, பதினான்கு வயதுக் கைக்கும் அதுதான் சரி.

அடுத்தது ஷட்டில். இங்கேதான் எங்களுக்குக் காசு கரைகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

போட்டியில் ஆடுவது இறகு ஷட்டில். பயிற்சிக்கு எங்களால் முடிந்தது நைலான். இரண்டும் பறக்கும் விதம் வேறு. இறகு கடைசியில் சட்டென்று வேகம் குறைந்து செங்குத்தாக விழும், நைலான் இன்னும் கொஞ்சம் நீண்டு போகும். வருடம் முழுக்க நைலானில் ஆடிய பிள்ளை போட்டியன்று முதல் பத்துப் புள்ளியை வலைக்கடியில் தடுமாறியே இழந்துவிடும். பெரிய கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தினமும் இறகு கிடைக்கிறது. அவர்கள் எங்களைவிடத் திறமைசாலிகள் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நானா இதற்கு வைத்திருக்கும் வழி, கழித்த இறகு ஷட்டில். கழகங்களில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டு ஒதுக்குபவற்றைச் சாக்கில் வாங்கி வந்து தரம் பிரிக்கிறார். 16 இறகும் முழுதாக உள்ளவை ஒரு பெட்டியில், ஒன்றிரண்டு இறகு நைந்தவை இன்னொன்றில். புது ஷட்டிலின் எடை விதிப்படி 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் இருக்க வேண்டும். செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர் பாவித்துக் கழித்த சின்னத் தராசு ஒன்று மேசையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதில் போட்டுப் பார்ப்பார். முதலாம் பெட்டியில் உள்ளவற்றைப் போட்டிக்கு முந்திய வாரங்களில் ஆடுகிறோம். இரண்டாம் பெட்டி, நான் கையால் ஒன்றன்பின் ஒன்றாக வீசப் பிள்ளைகள் அடித்துப் பழக. தூக்கி எறியும் பொருளை விற்கிறார் என்று ஒரு சக ஆசிரியர் முகம் சுளித்தார். எனக்கு அதில் ஒரு சுளிப்பும் இல்லை.

நைலானில் வேகம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சொல்லித்தந்தவர் இவர்தான். யோனெக்ஸ் நைலான் ஷட்டிலின் அடியைச் சுற்றி நிறப்பட்டி இருக்கும். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. வெப்பமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஷட்டில் அதிக தூரம் போகும், ஆகவே கொழும்பில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு வேர்வையில் ஆடும் மண்டபத்துக்குப் பச்சைதான். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் ஒரு பெட்டி நிறைய நீலப்பட்டி கொண்டுவந்து தந்தார். அவருடைய ஊர்க் குளிருக்கு நல்ல பொருள், எங்கள் மண்டபத்தில் எல்லாம் எல்லைக் கோட்டுக்கு வெளியே விழுந்தன. பின் கோட்டில் நின்று கீழிருந்து முழு வீச்சாக அடித்தால் எதிர்ப் பின் கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீற்றர் முன்னால் விழ வேண்டும் என்பது கணக்கு. நானா பெட்டியைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டு அதே எண்ணிக்கையில் பச்சை கொடுத்தார். ஏசி அரங்கில் ஆடும் கழகம் ஒன்று நீலத்தை எடுத்துக்கொள்ளுமாம். மேலே ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

மேசைப்பந்துப் பந்து பற்றி ஒரு விஷயம்தான். சர்வதேசப் போட்டிகள் 2014இல் செலுலொயிட்டை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறின. புதுப் பந்தில் 40+ என்று அச்சடித்திருக்கும், பழையதில் அந்தக் கூட்டல் குறி இல்லாமல் வெறும் 40. புறக்கோட்டையில் இன்னும் பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது. செலுலொயிட்டில் கற்பூரம் சேர்ப்பார்கள், உடைந்த பந்தை முகர்ந்தால் தெரிந்துவிடும். நானாவிடமும் அந்தப் பழைய சரக்கு இருக்கிறது, ஆனால், "சின்னப் புள்ளைகள் தட்டிப் பழக ஆகும், போட்டிக்குப் போற புள்ளைக்கு வாணாம்" என்று தானே பிரித்துச் சொல்லி விற்கிறார்.

சரி, இனிக் காகித வேலை. பள்ளிக்கூடத்துப் பணத்தில் எதை வாங்கினாலும் எங்களுக்கு மூன்று கடைகளின் விலை எழுத்தில் வேண்டும். இரண்டு ட்யூப் ஷட்டிலுக்கு விலை எழுதித் தரச் சொன்னால் பெரிய கடைகளில் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நானா கடிதத்தாளில் எழுதி முத்திரை வைத்துத் தருவார். மற்ற இரண்டுக்கும் எந்தக் கடையில் கேட்கலாம், அங்கே எந்த நேரம் ஆள் சும்மா இருப்பார் என்பதையும் சொல்வார். "குறைவாத் தந்தா அங்கேயே எடுங்க டீச்சர்" என்பார். காசோலை வரும்வரை பொருளைக் கடனாகத் தருவார். 2022இல் ரூபாயைச் சந்தை விலைக்கு மிதக்க விட்டபோது டொலர் 200இலிருந்து இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியது, இறக்குமதித் தடைகளும் சேர்ந்துகொண்டன. பல கடைகளில் இறகு ஷட்டிலைக் கண்ணாலும் காணக் கிடைக்கவில்லை. அப்போது அவர் ட்யூபைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்றார், பள்ளிக்கூடங்களுக்கு மட்டும். 2024இல் வற் வரி 15இலிருந்து 18 சதவீதமானபோது மறுநாளே விலையை ஏற்றினார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

குறைகள் இல்லாமலில்லை. ரக்கெட் வாங்க இங்கே போகாதீர்கள். பிரபலமான பிராண்டுகளின் நகல்களை நிறைய வைத்திருக்கிறார். என்னிடம் நகல் என்று சொல்லித்தான் காட்டுவார், ஆனால் ஒரு தகப்பன் அதில் ஒன்றை அசல் என்று நினைத்துச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு படியிறங்கியதை நான் அங்கே நின்றபடியே பார்த்தேன். நானா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பிறகு கேட்டபோது, "அவர் கேக்கலியே" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நல்லது செய்யும் ஆளிடம் அது உறுத்தலாகவே இருக்கிறது. வலையும் வேண்டாம், மேல்நாடா ஒரு தவணைகூட நிற்காமல் பிரிந்துவிடுகிறது. சப்பாத்து அளவுக்குக் கிடைக்காது. வலயப் போட்டிக் காலத்தில் நரம்பு போடக் கொடுத்தால் வாரக்கணக்கில் இழுபடும், மகன் உதவிக்கு வராத நாளில் இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது நகல் ரக்கெட்டுக்காக.

போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் போங்கள். காலி வீதிப் பக்கத்திலிருந்து வருவதென்றால் 100ஆம் இலக்க பஸ் புறக்கோட்டையிலேயே இறக்கிவிடும். வாகனம் கொண்டு வந்தால் நிறுத்த இடமில்லை. கல்லூரிக் கடிதத்தாளும் முத்திரையும் கையோடு இருக்கட்டும், கடன் கணக்கு திறக்க அவை வேண்டும். கழித்த ஷட்டில் எடுக்கும்போது தராசில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் காட்டுவார்.