லைசாண்டர் கிட்டும் போலி ‘பெர்சியஸ்’ எஞ்சினும்: பழைய மாடல் கிட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய பிளாஸ்டிக் விமான கிட்டை வாங்கி, அதில் கையால் நுணுக்க வேலை சேர்த்துச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஆடி மாதம் 6,250 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் அவர் விற்கும் முறை எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதே ஆளிடம், இதே மாதிரி, எனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

நான் தேடியது ஏர்ஃபிக்ஸ் என்ற கிட் தயாரிப்பு நிறுவனத்தின் 1/72 (நிஜ அளவில் 72இல் ஒரு பங்கு) வெஸ்ட்லேண்ட் லைசாண்டர் விமானம். 1972இல் முதலில் வந்த வார்ப்பு. இந்த விமானத்தின் மீது எனக்குப் பல வருட ஆசை. 1942 பிப்ரவரியில் இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் லைசாண்டர்களோடுதான் பர்மாவின் டவுங்கூ தளத்துக்குப் போனது. தலைமை தாங்கியவர் கே. கே. மஜும்தார். தரைப்படைக்கு வேவு பார்த்துச் சொல்வதற்காக வடிவமைத்த, மெதுவாகப் பறக்கும் விமானம் அது. அதில் குண்டுகளை மாட்டிக்கொண்டு போய் ஜப்பானியர் இருந்த தளங்களைத் தாக்கினார்கள். டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லைசாண்டர் நிற்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்த படங்கள் என்னிடம் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அந்தப் படங்களை வைத்து ஒரு மாடல் செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம்.

லைசாண்டரில் கையால் வேலை செய்ய நிறைய இடம் உண்டு. விமானியிலிருந்து பின்னால் இருக்கும் துப்பாக்கிக்காரர் வரை நீளமான கண்ணாடிக் கூண்டு. உள்ளே இருப்பது எல்லாம் வெளியே தெரியும்: உலோகக் குழாய்ச் சட்டங்கள், விமானியின் முதுகுக்குப் பின்னால் உள்ள பெரிய பெட்ரோல் டாங்க், துப்பாக்கிக்காரரின் இருக்கை. பழைய கிட்டில் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெறும் குகை மாதிரி தெரியும். அதனால்தான் கிட்டோடு சேர்த்து ரெசினிலும் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) பித்தளையிலும் செய்த நுணுக்கப் பாகங்களின் செட் ஒன்றும் வாங்கலாம் என்று நினைத்தேன்.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் வந்தது. “அபூர்வமான பழைய ஏர்ஃபிக்ஸ் லைசாண்டர், தொடாத கிட், எல்லாப் பாகங்களும் ஸ்ப்ரூவில். கூடவே ரெசின் பெர்சியஸ் எஞ்சின், பித்தளை சீட் பெல்ட், டாஷ்போர்டு.” (ஸ்ப்ரூ என்றால் பாகங்கள் வெட்டாமல் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்.) கிட் 3,800, செட் 2,200, கூரியர் 250. அட்டைப் பெட்டியின் படம், எஞ்சினின் படம், ஸ்ப்ரூ படம் ஒன்று. “வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள் சார், இன்று ராத்திரிக்குள் அனுப்பினால் உங்களுக்கு” என்றார். யுபிஐயில் முழுத் தொகையும் அனுப்பிவிட்டேன்.

முதல் தவறு ‘அபூர்வம்’ என்ற சொல்லை நம்பியது. இந்த வார்ப்பு பல பெட்டிகளில், பல முறை மறுபடியும் வந்திருக்கிறது. கொஞ்சம் பொறுத்திருந்தால் இதில் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும். ஏர்ஃபிக்ஸின் பழைய விமானங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். நிறுவனம் 1981இல் நொடித்தது, கை மாறியது, 2006இல் ஹார்ன்பி வாங்கியது. ஆனால் அச்சுகள் ஓய்ந்திருக்கவில்லை. எனவே விற்பவர் அபூர்வம் என்றால், அந்தக் கிட் கடைசியாக எந்த வருடம் பெட்டியில் வந்தது என்று முதலில் தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

பார்சல் ஒன்பதாம் நாள் வந்தது. பெட்டி அசல்தான். உள்ளே ஒரு ஸ்ப்ரூகூட முழுதாக இல்லை. எல்லாப் பாகங்களும் வெட்டி எடுக்கப்பட்டு ஒரு பாலிதீன் கவரில் கிடந்தன. இடது இறக்கையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தன, அதுவும் ட்யூப் பசை வழிந்து ரிவெட்டுகள் எல்லாம் கரைந்து போகும் அளவுக்கு. சக்கர உறையில் ஒரு பாதியைக் காணோம். கண்ணாடிக் கூண்டின் நடுத்துண்டில் சூப்பர் க்ளூவின் புகை படிந்து வெளுத்திருந்தது, அதன் மேல் யாருடைய கைரேகையோ அப்படியே பதிந்திருந்தது. டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்களின் தாள், பழைய பத்திரிகைத் தாள் நிறத்தில் இருந்தது.

இவ்வளவையும்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பழைய கிட் என்றால் கொஞ்சம் வேலை இருக்கும், தெரிந்துதான் வாங்குகிறோம். என்னால் பொறுக்க முடியாதது அந்த ரெசின் செட்.

1ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டியது லைசாண்டர் மார்க் 2 என்ற ரகம். அதன் எஞ்சின் பிரிஸ்டல் பெர்சியஸ். மார்க் 1, மார்க் 3 இரண்டிலும் பிரிஸ்டல் மெர்குரி. இரண்டுக்கும் ஒன்பது சிலிண்டர், சிலிண்டர் அளவும் ஒன்றே, தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் அடிப்படையில் வேறு வேறு. மெர்குரியில் வழக்கமான வால்வுகள். அவற்றைத் தள்ள ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னால் புஷ்ராட் கம்பிகள் நிற்கும். பெர்சியஸ் ஸ்லீவ் வால்வு எஞ்சின். சிலிண்டருக்குள் ஒரு உறை ஏறி இறங்கித் திரும்பி, துளைகளைத் திறந்து மூடும். வழக்கமான வால்வும் இல்லை, புஷ்ராடும் இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் சிலிண்டர்கள் மொழுமொழுவென்று இருக்கும். கவரைப் பிரித்தேன். ‘பெர்சியஸ்’ என்று பேனாவால் எழுதிய பையில் இருந்த எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரின் முன்னாலும் புஷ்ராட் நின்றது.

அது வேறு ஏதோ நிறுவனத்தின் மெர்குரி எஞ்சினை சிலிக்கோன் ரப்பர் அச்சில் பிரதி எடுத்து வார்த்தது. பிரதி என்பதற்கு அடையாளங்கள் கண்ணுக்கு நேராகவே இருந்தன. குளிர்விப்புத் தகடுகள் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காற்றுக் குமிழி வெடித்த குழிகள் ஏழெட்டு. பின்பக்கத்தில் அசல் நிறுவனத்தின் எழுத்தைத் தேய்த்த தடம். இன்னொருவர் மாதக் கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய மூலத்தைத் திருடி, அதையும் தப்பான பெயரில் விற்றிருக்கிறார். விளம்பரத்தில் போட்ட எஞ்சின் படத்தை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பார்த்தேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் விற்பனைப் படம் அது. பணம் அனுப்புவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய தேடல்.

பித்தளை சீட் பெல்ட் என்றதும் பொய். இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட காகிதம்.

ரெசின் பற்றி இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அந்த வார்ப்பு விரலில் லேசாக ஒட்டியது. இரண்டு கலவைகளைச் சரியான அளவில் கலக்காததால் முழுதாக இறுகவில்லை. பாலியூரித்தேன் ரெசின் இறுகாத நிலையில் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். வெறும் கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் இரண்டு நாள் என் விரல்கள் அரித்துத் தடித்தன. ஒட்டும் ரெசின் கைக்கு வந்தால் கையுறை போடுங்கள், அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம், தூக்கி எறியுங்கள். நன்றாக இறுகிய ரெசினைக்கூட உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். அதன் தூசு மிக நைசானது, நுரையீரல் வரை போகும். முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த மேசைப் பக்கமே விடாதீர்கள்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். “கூரியரில் உடைந்திருக்கும்” என்றார். கூரியரில் இறக்கை எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று கேட்டேன். “பழைய கிட் என்றால் அப்படித்தான் சார்” என்றார். எஞ்சினைப் பற்றிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். குழுவிலும் காணாமல் போனார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தேன், புகார் எண் தந்தார்கள். பணம் கொடுத்து இரண்டு வாரம் கழித்து அழைத்தேன். இந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த முடியும். பார்சல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தது, வந்த பிறகும் அவரோடு மூன்று நாள் பேசிக்கொண்டிருந்தது, எல்லாம் அவருக்குச் சாதகமாகப் போனது. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுக்காததும் என் பக்கத்தைப் பலவீனமாக்கியது. கத்தி வைப்பதற்கு முன்னால் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் எடுங்கள்.

அப்புறம் அந்தக் கிட்டை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த 2,200 ரூபாய் செட் தேவையே இல்லை என்பது கையால் செய்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கண்ணாடிக் கூண்டில் தொடங்கினேன். வெளுத்துப்போன நடுத்துண்டின் உள்பக்கம் லேசாக எண்ணெய் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி ஒரு உள்ளச்சு எடுத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளில் நைசாக்கி, ஒரு குச்சியின் நுனியில் நிறுத்தினேன். மிக்சர் டப்பாவின் தெளிவான மூடியை, நடுவில் ஓட்டை போட்ட ஒட்டுப்பலகையில் நான்கு பக்கமும் பின் அடித்து, அடுப்புத் தீக்கு மேலே தொங்கிக் குழையும் வரை காட்டி, அச்சின் மேல் ஒரே அழுத்தாக அழுத்தினேன். அதிகம் சூடானால் பிளாஸ்டிக் பனி படர்ந்தது போல ஆகிவிடுகிறது, குறைந்தால் மூலைகள் வரவில்லை. ஏழு முறை செய்ததில் ஐந்தாவது சரியாக வந்தது. கிட்டோடு வந்த கண்ணாடியை விட மெல்லிசு, உள்ளே பார்த்தால் வளைந்து தெரிவதில்லை. சட்டங்களுக்கு, பச்சை பெயிண்ட் அடித்த டேப்பை அரை மில்லிமீட்டர் கீற்றாக அறுத்து ஒட்டினேன். கண்ணாடியை உடலோடு சேர்க்க ஃபெவிகால் போதும், புகை வராது.

உள்ளே தெரியும் குழாய்ச் சட்டங்களுக்கு ஸ்ப்ரூவே மூலப்பொருள். மெழுகுவர்த்திக்கு மேலே ஒரு துண்டைக் காட்டி, குழைந்ததும் வெளியே எடுத்து நிதானமாக இழுத்தால் நூல் மாதிரி நீளும். ஒரு அங்குலக் குழாய் 1/72 அளவில் 0.35 மில்லிமீட்டர். இழுக்கும் வேகத்தில்தான் அந்தத் தடிமன் வரும். சீட் பெல்ட்டுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாள், பக்கிளுக்கு வளைத்த செம்புக் கம்பி. பெட்ரோல் டாங்க் பிளாஸ்டிக் தகட்டில் செய்து புட்டி வைத்துத் தேய்த்தது. காணாமல் போன சக்கர உறைப் பாதியை, இருக்கும் பாதியின் வடிவத்தைத் தாளில் எடுத்து, தகடுகளை அடுக்கி ஒட்டி, இழைத்து எடுத்தேன். மூன்று மாலை போனது. ஆனால் இரண்டு பாதியும் பொருந்தி உட்கார்ந்த அந்த நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

எஞ்சின்தான் எனக்குப் பிடித்த பகுதி. பெர்சியஸின் சிலிண்டர் உள்விட்டம் 5.75 அங்குலம், அதாவது நம் அளவில் 2 மில்லிமீட்டர். அதே தடிமன் உள்ள ஸ்ப்ரூவில், பழைய மோட்டாரிலிருந்து எடுத்த முடி போன்ற செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, மெல்லிய பசை விட்டு, ஒன்பது துண்டாக நறுக்கினேன். சுற்றிய கம்பிதான் குளிர்விப்புத் தகடு. நடுவில் வட்டமான ஒரு உருளை, சுற்றி ஒன்பது சிலிண்டர், ஒவ்வொன்றும் 40 டிகிரி இடைவெளியில். புஷ்ராட் இல்லாத எஞ்சின் என்பதால் வேலை இன்னும் சுலபம். இரண்டே நாளில் முடிந்தது.

டீகாலை ஜிப் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் ஒட்டி வைத்தேன், மஞ்சள் பெருமளவு வெளுத்தது. தேவையில்லாத ஒரு எழுத்தை முதலில் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், தூள் தூளாகப் பிரிந்தது. எனவே முழுத் தாளுக்கும் கிளியர் வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். 1ஆம் ஸ்குவாட்ரன் அப்போது பிரிட்டிஷ் விமானப்படை வட்டச் சின்னங்களையே போட்டிருந்ததால் கிட்டின் வட்டங்களே போதுமானதாக இருந்தன.

இப்போது 21 சென்டிமீட்டர் இறக்கையோடு அது அலமாரியில் நிற்கிறது. இடது இறக்கையில் பசை தின்ற ரிவெட்டுகளை மட்டும் என்னால் மீட்க முடியவில்லை.

இனி யாரிடம் பழைய கிட் வாங்கினாலும் நான் கேட்பது இவைதான். அன்றைய தேதி எழுதிய தாளோடு எல்லாப் பாகங்களின் படம். கண்ணாடித் துண்டைச் செய்தித்தாளின் மேல் வைத்து எடுத்த படம், கீழே எழுத்து படிக்க வர வேண்டும். பகல் வெளிச்சத்தில் டீகால். முடிந்தால் வீடியோ அழைப்பு. நேர்மையாக விற்பவர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. இப்படிக் கேட்டு வாங்கிய இரண்டு கிட்டும் சொன்னபடியே வந்தன.

அந்த ஆள் வேறு எண்ணில், வேறு குழுவில் மறுபடியும் விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். ‘லைசாண்டர் மார்க் 2 பெர்சியஸ் எஞ்சின், ரெசின்’ என்று விளம்பரம் கண்ணில் பட்டால், எஞ்சினின் முன்பக்கத்தை நேராக எடுத்த படம் கேளுங்கள். சிலிண்டர்களுக்கு முன்னால் கம்பிகள் தெரிந்தால் பணம் அனுப்பாதீர்கள்.